உங்கள் கம்பெனியின் தொழில் ரகசியம் பத்திரமாக இருக்கிறதா? முதல் முறையாகத் தணிக்கை செய்பவர்களுக்கு

புதிதாகச் சேர்ந்த கணக்கர், ஹெச்ஆர் பார்ப்பவர், முதலாளியின் மகனோ மகளோ, இப்போதுதான் தொழிலுக்கு வந்த இளம் வக்கீல். பெரும்பாலும் இவர்களில் ஒருவர் தலையில்தான் இந்த வேலை வந்து விழும்: "நம்ம ரகசியமெல்லாம் வெளியே போகாம இருக்கான்னு ஒரு தடவை பாத்துச் சொல்லு." எங்கே ஆரம்பிப்பது என்று யாரும் சொல்லித் தர மாட்டார்கள். தேடினால் கிடைக்கிற பட்டியல்கள் பெரிய ஐடி கம்பெனிகளுக்காக எழுதியவை, அதைக் கொண்டுவந்து ஒரு பட்டறையில் வைத்தால் பாதிக் கேள்விக்கு மேல் பொருந்தவே பொருந்தாது. அதனால் ஒரே ஒரு தொழிலை எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்: திருப்பூர்ப் பக்கத்துச் சாயப்பட்டறை. உங்களுடையது மசாலா கம்பெனியாகவோ பம்ப் செய்யும் ஃபவுண்டரியாகவோ இருந்தாலும் வழி இதேதான், பொருளை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். ரகசியம் லாக்கரிலிருந்து போவது அபூர்வம். அன்றாட வேலைக்காக அது கைமாறும் வழியில்தான் போகிறது. கோக்கோ கோலாவின் ஃபார்முலா பெட்டகத்தில் இருப்பது உலகத்துக்கே தெரியும். 2006-ல் அட்லாண்டா தலைமை அலுவலகத்திலிருந்து ரகசியம் வெளியே போனபோது அந்தப் பெட்டகத்தை யாரும் தொடவில்லை. அங்கே செயலராக இருந்த ஒரு பெண் மேசைக்கு வந்துபோன கோப்புகளையும், இன்னும் சந்தைக்கு வராத ஒரு பானத்தின் மாதிரியையும் எடுத்துக்கொண்டு போனார். கூட்டாளிகள் அதைப் பெப்சிக்கு விற்கப் பார்த்தார்கள். பெப்சியே கோக்கோ கோலாவுக்குத் தகவல் சொல்லிவிட்டதால் விஷயம் எஃப்பிஐ வரைக்கும் போய், அவருக்கு 8 ஆண்டு சிறை. எல்லாப் போட்டியாளரும் பெப்சி மாதிரி நடந்துகொள்வார்கள் என்று நம்பி இருக்க முடியாது. அதனால் தணிக்கை என்று கிளம்பினால் லாக்கர் சாவியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் தகவல் நடக்கிற பாதையில் நீங்களும் நடக்க வேண்டும்.

சட்டம் என்ன எதிர்பார்க்கிறது

இந்தியாவில் தொழில் ரகசியத்துக்கென்று தனிச் சட்டம் கிடையாது. 2024 மார்ச்சில் சட்ட ஆணையம் தன்னுடைய 289-வது அறிக்கையில் தனிச் சட்டம் வேண்டும் என்று பரிந்துரைத்து, ஒரு மசோதா வரைவையும் இணைத்தது. நடைமுறையில் நாம் நிற்பது 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், நம்பிக்கை மீறல் பற்றி நீதிமன்றங்கள் வளர்த்து வந்த கொள்கை, 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், சில சமயம் பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டம், இவற்றின் மேல்தான். உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் (அறிவுசார் சொத்துரிமை) ஒப்பந்தம், 39-வது பிரிவில், மூன்று விஷயங்களைக் கேட்கிறது. தகவல் அந்தத் துறையில் பொதுவாகத் தெரிந்ததாக இருக்கக் கூடாது. ரகசியமாக இருப்பதாலேயே அதற்கு வியாபார மதிப்பு இருக்க வேண்டும். அதை ரகசியமாக வைக்க உரியவர் நியாயமான நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும்.

முதல் இரண்டையும் முதலாளியே மேசையைத் தட்டிச் சொல்லிவிடுவார். மூன்றாவதில்தான் ஆட்கள் தோற்கிறார்கள். "நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால் காட்ட ஒரு துண்டுக் காகிதம் இருக்காது. உங்கள் தணிக்கைக்கு இரண்டு பயன்: ஓட்டையைக் கண்டுபிடிப்பது ஒன்று, "இந்தத் தேதியில் இதையெல்லாம் பார்த்தோம், இதைச் சரிசெய்தோம்" என்று காட்ட ஆதாரம் உண்டாவது இன்னொன்று. அதனால் எழுதுகிற ஒவ்வொரு தாளிலும் தேதி போடுங்கள், கையெழுத்துப் போடுங்கள்.

ஆரம்பிக்கும் முன்

முதலாளியிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்: யார், எந்தெந்த இடத்தை, எந்தெந்த கம்ப்யூட்டரைப் பார்க்கலாம், அறிக்கை யார் கைக்குப் போகும். கம்பெனியின் கம்ப்யூட்டர் ஆளையே தணிக்கைக்கும் போடாதீர்கள், அவர் வேலையும் தணிக்கைக்குள் வருகிறது. அப்புறம் தொழிலாளிகளிடம் மறைக்காதீர்கள். "திருடனைத் தேட வரவில்லை, வேலை நடக்கிற விதத்தைப் பார்க்க வந்திருக்கிறோம்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள், அப்படியே நடந்தும் காட்டுங்கள். யாருடைய சொந்தப் போனையும் வாங்கித் திறந்து பார்க்கக் கூடாது. அப்படி ஒரு தடவை செய்துவிட்டால் அதற்கப்புறம் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள், நீங்கள் போனதே வீண்.

முதல் படி: எது ரகசியம்?

"எல்லாமே ரகசியம்தான்" என்பதுதான் நீங்கள் கேட்கப்போகும் முதல் பதில். எல்லாவற்றுக்கும் ரகசிய முத்திரை குத்தினால் எதற்கும் மதிப்பில்லாமல் போகும், வேலை செய்பவர்களும் அந்த முத்திரையைப் பார்ப்பதையே விட்டுவிடுவார்கள். முதலாளி, டையிங் மாஸ்டர் (சாயம் போடுவதைப் பொறுப்பாகப் பார்ப்பவர்), லேப் ஆள், கணக்கர், மெர்ச்சண்டைசர் (துணி வாங்கும் பையரோடு ஆர்டர் பேசுபவர்) ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக உட்கார்ந்து இரண்டே கேள்வி கேளுங்கள். பக்கத்துப் பட்டறைக்காரர் இதைத் தெரிந்துகொண்டால் நமக்கு என்ன நஷ்டம்? அவர் நம்மிடம் வராமலேயே இதைத் தெரிந்துகொள்ள முடியுமா?

இரண்டாவது கேள்வி பல விஷயங்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடும். ஒரு ஷேடை, அதாவது துணியின் நிறத்தை, எடுத்துக்கொள்ளுங்கள். துணி கடைக்கு வந்துவிட்டால் யார் வேண்டுமானாலும் வாங்கி ஸ்பெக்ட்ரோ என்கிற நிறம் அளக்கும் கருவியில் வைத்து மேட்ச் செய்துகொள்ளலாம், நியாயமாகக் கிடைத்த பொருளை ஆராய்ந்து கண்டுபிடிப்பதில் தப்பே இல்லை. ஷேடு உங்கள் ரகசியம் இல்லை. ஆனால் லேப் ரெசிபியை உங்கள் மிஷினுக்கு மாற்றும்போது எந்தச் சாயத்தை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறீர்கள், எந்த வேகத்தில் சோடா ஆஷ் கொடுக்கிறீர்கள், அடிஷனே (நிறம் சேரவில்லை என்று பிறகு கூடுதலாகப் போடும் சாயம்) போடாமல் முதல் லாட்டிலேயே (ஒரே தடவையில் சாயம் போடும் துணி) எப்படி ஷேடு பிடிக்கிறீர்கள் என்பதெல்லாம் துணியைப் பார்த்துத் தெரியாது. அதுதான் ரகசியம்.

திருப்பூரில் இதற்கு இன்னொரு அடுக்கு உண்டு. நொய்யல் ஆறு மாசுபட்ட வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் தொழில் என்று ஆனது. மீட்டெடுத்த உப்புத் தண்ணீரையே திரும்பச் சாயத்துக்கு விடுகிறார்கள். அந்தத் தண்ணீரின் குணத்துக்கேற்ப ரெசிபியைச் சரிக்கட்டுவதை ஒவ்வொரு பட்டறையும் பல லாட்டுகள் கெட்டுப்போய்த்தான் கற்றுக்கொண்டது. அப்படிக் கெட்டுப்போன லாட்டுகளின் குறிப்பும் ரகசியம்தான். எந்த வழி வேலைக்கு ஆகாது என்று காசு கொடுக்காமல் தெரிந்துகொள்பவனுக்கு எத்தனை மாத உழைப்பு மிச்சம், யோசித்துப் பாருங்கள். பெரும்பாலான பட்டியல்களில் விட்டுப்போவது இந்த வரிதான்.

மற்றவை சுலபம்: காஸ்டிங் ஷீட், பையருக்குப் பையர் மாறுகிற ரேட், சாய சப்ளையர் தருகிற தள்ளுபடி, எந்தப் பையிங் ஆபீஸில் யார் முடிவெடுக்கிறார் என்கிற விவரம். வாடிக்கையாளர் பட்டியலைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 1995-ல் பர்லிங்டன் ஹோம் ஷாப்பிங் வழக்கில், முன்னாள் ஊழியர் எடுத்துப்போன வாடிக்கையாளர் முகவரித் தொகுப்பைப் பதிப்புரிமை பெற்ற படைப்பாகவே பார்த்து டெல்லி உயர் நீதிமன்றம் தடை கொடுத்தது.

பட்டியல் எழுதும்போது ஒரு எச்சரிக்கை. ரகசியத்தையே அதில் எழுதிவைக்காதீர்கள். "நேவி ப்ளூ, இத்தனை சதவீதம்" என்று எழுதினால் உங்கள் தணிக்கைத் தாளே புதிய ஓட்டை. "அடர் நிறங்களுக்கான மிஷின் திருத்தக் குறிப்பு, மாஸ்டரிடமும் லேப் கம்ப்யூட்டரிலும் உள்ளது" என்ற அளவுக்கு மேல் போக வேண்டாம்.

இரண்டாம் படி: ரெசிபி கார்டின் பின்னால் போங்கள்

தணிக்கையின் உயிர் இதுதான், பாதி நேரத்தை இதற்கே ஒதுக்குங்கள். ஆபீஸில் உட்கார்ந்து கேட்டால் எல்லோரும் விதிப்படி நடப்பதைத்தான் சொல்வார்கள். எழுந்துபோய் ஒரு லாட் உள்ளே வந்ததிலிருந்து வெளியே போகிற வரை கூடவே இருங்கள், முடிந்தால் நைட் ஷிஃப்டில்.

லேப் டிப், அதாவது லேபில் சாயம் போட்டுப் பார்த்த சின்னத் துணி மாதிரி, பையரிடம் அப்ரூவல் ஆகி வருகிறது. லேப் ஆள் கம்ப்யூட்டரில் ரெசிபியைத் திறக்கிறார். பாஸ்வேர்டு இருக்கிறதா? இருக்கும். மானிட்டரின் ஓரத்தில் ஒரு ஸ்டிக்கரில் எழுதியும் இருக்கும், ஏனென்றால் மூன்று பேர் ஒரே லாகினில் வேலை பார்க்கிறார்கள். கார்டு பிரிண்ட் ஆகிறது. பையர் பெயர், ஷேடு, லாட் எடை, சாயங்களின் பெயரும் சதவீதமும், உப்பும் சோடாவும் லிட்டருக்கு எத்தனை கிராம், எந்தச் சூட்டில் எவ்வளவு நேரம், எல்லாம் அந்த ஒரே காகிதத்தில். இது சாய ஸ்டோருக்குப் போகிறது, அங்கே எடை போடுபவர் பார்க்கிறார். அங்கிருந்து மிஷினுக்குப் போய் ஒரு கிளிப்பில் தொங்குகிறது. சர்வீஸ் இன்ஜினியர், சாயக் கம்பெனியின் டெக்னிக்கல் ஆள், துணி எடுக்க வந்த டெம்போ டிரைவர், அந்த வழியே போகிற யாரும் படிக்கலாம்.

ராத்திரி இரண்டு மணிக்கு ஷேடு ஆஃப் ஆகிறது, அதாவது நிறம் மாதிரியோடு ஒத்துப்போகவில்லை. ஆபரேட்டர் என்ன செய்வார்? கார்டையும் நனைந்த துணித் துண்டையும் சேர்த்து வைத்து ஒரு படம் எடுத்து, வீட்டில் தூங்குகிற மாஸ்டருக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்புவார். தனியாக அனுப்பினாலும் பரவாயில்லை, பல இடங்களில் அது புரொடக்‌ஷன் குரூப்புக்குப் போகும். அந்தக் குரூப்பில் யார் யார் இருக்கிறார்கள் என்று நிர்வாகியைத் திறக்கச் சொல்லி ஒன்றொன்றாகப் பாருங்கள். வேலையை விட்டுப்போனவர் இன்னும் இருப்பார். சாய சப்ளையரின் ஆள் இருப்பார், அவர் காலையில் உங்கள் பட்டறையிலும் மதியம் உங்கள் போட்டியாளரின் பட்டறையிலும் டீ குடிக்கிறவர். அவர்மேல் குற்றமில்லை, அவர் வேலையே அதுதான், குரூப்பில் சேர்த்தது நீங்கள்.

மாஸ்டர் திருத்தம் சொல்கிறார். அது எங்கே பதிவாகிறது? கார்டின் பின்பக்கம் பேனாவால் ஒரு வரி, மாஸ்டரின் சட்டைப்பையில் இருக்கும் டைரியில் ஒரு வரி. நான் மேலே சொன்ன அந்த உண்மையான ரகசியம் கம்பெனியின் கம்ப்யூட்டரில் இல்லவே இல்லை, அந்த டைரியில்தான் இருக்கிறது. மாஸ்டர் நாளைக்கு வேறு பட்டறைக்குப் போனால் டைரி யாருடையது? இதற்குப் பதில் எங்குமே எழுதப்பட்டிருக்காது. கம்பெனி கொடுத்த டைரியா, அவரே வாங்கியதா, அதில் சொந்தக் குறிப்பும் கலந்திருக்கிறதா என்பதை அவரிடம் மரியாதையாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

லாட் முடிந்ததும் கார்டு எங்கே போகிறது என்பதையும் பார்க்காமல் திரும்பாதீர்கள். கொஞ்ச நாள் ஃபைலில் இருக்கும், அப்புறம் மூட்டை கட்டிப் பழைய பேப்பர் கடைக்குக் கிலோ கணக்கில் போகும். கிழித்தாவது போடுகிறார்களா என்று கேளுங்கள்.

இதற்கெல்லாம் பெரிய செலவு வேண்டாம். கார்டை இரண்டாகப் பிரிக்கலாம்: ஸ்டோருக்குப் போகும் சீட்டில் சாயத்தின் குறியீட்டு எண்ணும் கிராமும் மட்டும், மிஷினுக்குப் போகும் சீட்டில் புரோகிராம் எண்ணும் லாட் எண்ணும் மட்டும். குறியீடும் பெயரும் சேர்ந்திருக்கும் பட்டியல் லேபில் இருவர் கையில் இருந்தால் போதும். குறியீடு போடும்போது டப்பாவின் மேல் உள்ள ஆபத்துக் குறிகளையும் பாதுகாப்புத் தாளையும் எந்தக் காரணத்துக்காகவும் எடுக்கக் கூடாது. கையில் பட்டால் என்ன செய்ய வேண்டும் என்பது தொழிலாளிக்குத் தெரிந்தே ஆக வேண்டிய விஷயம், எந்த ரகசியமும் அதைவிடப் பெரிதில்லை. அதேபோல மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் பையரும் முறைப்படி கேட்கிற ரசாயனப் பட்டியலை ரகசியம் என்று சொல்லி மறைக்க முடியாது. பெயர்ப் பட்டியலைக் கொடுப்பது வேறு, அளவையும் முறையையும் கொடுப்பது வேறு, இரண்டும் ஒரே ஃபைலில் கலந்து போகாமல் மட்டும் பாருங்கள்.

நைட் ஷிஃப்ட் படத்துக்கு வழி: கம்பெனிப் போன் ஒன்று ஃப்ளோரில், மாஸ்டரிடம் ஒன்று. "போட்டோ எடுக்கக் கூடாது" என்று போர்டு மாட்டினால் ஆபரேட்டர் என்ன செய்வார், லாட்டைக் கெடுக்கவா முடியும்? வேலை நிற்காதபடி மாற்றுவழி கொடுக்காத தடை ஒரு வாரம் தாங்காது.

மூன்றாம் படி: கம்ப்யூட்டரும் லாகினும்

இங்கே சுருக்கமாக முடிக்கலாம். லேப் மென்பொருள், டாலி, மெயில், கூகுள் டிரைவ் ஒவ்வொன்றிலும் யார் யாருக்கு அனுமதி என்று பட்டியல் எடுத்து, இந்த மாதச் சம்பளப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். சம்பளப் பட்டியலில் இல்லாத பெயர் லாகின் பட்டியலில் இருந்தால் அது கண்டுபிடிப்பு. கம்பெனி வேலை யாருடைய சொந்த ஜிமெயிலில் நடக்கிறது என்று கேளுங்கள், மெர்ச்சண்டைசிங்கில் கண்டிப்பாக நடக்கும். பேக்கப் எடுக்கும் ஹார்ட் டிஸ்க் எந்த மேசை டிராயரில் கிடக்கிறது, மிஷின் சர்வீசுக்கு வருபவர் கண்ட்ரோலரிலிருந்து புரோகிராமைப் பென்டிரைவில் எடுத்துப்போகிறாரா, ரிமோட்டில் இணைகிற மென்பொருள் எப்போதும் திறந்தே கிடக்கிறதா, இவற்றையும் பார்த்துவிடுங்கள்.

நான்காம் படி: பேப்பர்கள்

நியமனக் கடிதங்களை எடுங்கள். பல இடங்களில் மாஸ்டருக்கே நியமனக் கடிதம் இருக்காது, வாய்வார்த்தையில் பத்து வருஷம் ஓடியிருக்கும். இருக்கிற இடத்தில் இரண்டு வரிகளைத் தேடுங்கள்.

ஒன்று, "வேலையை விட்ட பின் இரண்டு வருஷம் இதே தொழிலில் சேரக் கூடாது" என்கிற வரி. முதலாளிகளுக்கு இந்த வரிமேல் பெரிய நம்பிக்கை. ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவு, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தத்தைச் செல்லாது என்கிறது, வியாபாரத்தின் நற்பெயரை விற்பதற்கு மட்டும்தான் விலக்கு. வேலையில் இருக்கும் காலத்துக்குப் போடும் கட்டுப்பாடு வேறு. 1967-ல் கோலிகரி வழக்கில், டயர் கார்டு நூல் தயாரிக்கும் தொழில்நுட்பத்தில் பயிற்சி பெற்ற ஷிஃப்ட் சூப்பர்வைசர் ஐந்து வருஷ ஒப்பந்தம் முடியும் முன்பே அதிகச் சம்பளத்துக்குப் போட்டிக் கம்பெனிக்குப் போனபோது, மீதமிருந்த ஒப்பந்தக் காலத்துக்குத் தடை சரிதான் என்றது உச்ச நீதிமன்றம். வேலை முடிந்த பிறகும் நீளும் கட்டுப்பாடு 1980-ல் சூப்பரின்டென்டன்ஸ் கம்பெனி வழக்கில் அங்கே வந்தபோது கம்பெனிக்குச் சாதகமான தீர்ப்பு கிடைக்கவில்லை. அதனால் இந்த வரியை நம்பி உட்கார்ந்திருக்கிறார்கள் என்றால் அறிக்கையில் அதையே ஓட்டையாகக் குறியுங்கள்.

இரண்டாவது வரி, ரகசியம் காப்பது பற்றியது. வேலையை விட்ட பிறகும் கம்பெனியின் இன்னின்ன தகவலை வெளியிடவோ பயன்படுத்தவோ கூடாது என்கிற வரி இது. இதற்குத்தான் பலம். "எல்லாத் தகவலும்" என்று பொதுவாக எழுதியிருந்தால் போதாது, ரெசிபி, மிஷின் திருத்தக் குறிப்பு, காஸ்டிங், பையர் ரேட் என்று வகை சொல்லியிருக்க வேண்டும். கையெழுத்துப் போட்டவருக்குப் புரிகிற மொழியில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து வேலை பார்ப்பவரிடம் ஆங்கிலத்தில் எட்டுப் பக்கத்தை நீட்டிக் கையெழுத்து வாங்குவதை நான் பாதுகாப்பு என்று எண்ண மாட்டேன், அது நியாயமும் இல்லை. ஒரு பக்கம், அவர் மொழியில், ஒருவர் படித்துக்காட்டி, அதையும் பதிவு செய்துவிட்டால் போதும்.

இங்கே ஒரு கோட்டைத் தெளிவாகப் போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு மாஸ்டர் இருபது வருஷத்தில் கண்ணால் ஷேடு பார்த்துப் பழகிய திறமை அவருடையது. துணியைத் தொட்டுப் பார்த்தே உப்பு குறைவு என்று சொல்லுகிற அனுபவத்தை எந்தப் பத்திரத்தாலும் கம்பெனி வாங்க முடியாது, வாங்க நினைக்கவும் கூடாது. ரெசிபி ஃபைலும், ரேட் பட்டியலும், திருத்தக் குறிப்பின் பதிவும் கம்பெனியுடையது. இந்தக் கோட்டை முதலாளியிடமும் மாஸ்டரிடமும் ஒரே மாதிரி சொல்லுங்கள். தன் திறமைக்கு மரியாதை இருக்கிறது என்று தெரிந்த மாஸ்டர் குறிப்பைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஒத்துக்கொள்வார்.

ஐந்தாம் படி: வெளியாட்கள், அவர்களுடைய ரகசியம் உங்களிடம்

ஜாப் ஒர்க் கொடுக்கும் இடம், பிரிண்டிங் யூனிட், மென்பொருள் விற்றவர், சாய சப்ளையர், ஆலோசகர் ஒவ்வொருவருக்கும் என்ன தகவல் போகிறது, அதற்கு ரகசிய ஒப்பந்தம் இருக்கிறதா என்று ஒரு தாளில் எழுதுங்கள். சப்ளையர் வழியாக விஷயம் எப்படிக் கசியும் என்பதற்கு, கூகுளின் தானியங்கிக் கார் கம்பெனியான வேமோவுக்கும் ஊபருக்கும் நடந்த வழக்கு நல்ல பாடம். தானியங்கிக் காருக்கான லைடார் (லேசரால் தூரம் அளக்கும் சென்சார்) சர்க்யூட் போர்டின் வரைபடம் ஒன்றை ஊபருக்கு அனுப்பும்போது, ஒரு சப்ளையர் தவறுதலாக வேமோ ஊழியரையும் அந்த மெயிலில் சேர்த்துவிட்டார். வரைபடம் தங்களுடையதைப் போலவே இருக்கிறதே என்று வேமோ வழக்குக்குப் போனது, தங்கள் பழைய இன்ஜினியர் ஒருவர் கிளம்புமுன் சுமார் 14,000 ஃபைல்களை இறக்கியிருந்தார் என்றும் குற்றம் சாட்டியது. 2018 பிப்ரவரியில் ஊபர் சுமார் 24.5 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளைக் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது.

அந்த மெயில் தவறாகப் போகாமல் இருந்திருந்தால்? அதனால் வெளியே போகும் ஃபைலில் பெயர், தேதி, பெறுபவர் குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள், நாளைக்கு எங்காவது தென்பட்டால் எந்தக் கை வழியாகப் போனது என்று அப்போதுதான் தெரியும்.

மறுபக்கத்தையும் விடாதீர்கள். பையர் இன்னும் கடைக்கு வராத சீசன் ஷேடுகளை உங்களிடம் கொடுத்திருப்பார், அது அவருடைய ரகசியம். போட்டிப் பட்டறையிலிருந்து வந்து புதிதாகச் சேர்ந்தவர் கையோடு ஒரு பென்டிரைவ் கொண்டுவந்தால் முதலாளிக்குச் சந்தோஷமாக இருக்கலாம், ஆனால் ஊபர் மாட்டிக்கொண்டது அந்த இடத்தில்தான். சேரும்போதே "பழைய கம்பெனியின் எதையும் கொண்டுவரவில்லை" என்று எழுதி வாங்குகிறார்களா என்று கேளுங்கள்.

ஆறாம் படி: ஆள் கிளம்பும் நாள்

கடைசியாக வேலையை விட்ட மூன்று பேரின் ஃபைலை எடுங்கள். விதி என்ன சொல்கிறது என்று கேட்க வேண்டாம், அந்த மூவர் விஷயத்தில் என்ன நடந்தது என்று மட்டும் பாருங்கள். லாகின் எந்தத் தேதியில் மூடப்பட்டது, குரூப்பிலிருந்து எப்போது எடுத்தார்கள், கம்பெனி லேப்டாப்பும் சிம்மும் திரும்பி வந்ததா, திரும்பி வந்த லேப்டாப்பை யாராவது பார்த்தார்களா அல்லது அன்றே ஃபார்மேட் செய்து அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டார்களா. கடைசியாகச் சொன்னது ரொம்பச் சாதாரணமாக நடக்கிறது, அதில் சாட்சியமே அழிந்துபோகிறது. முக்கியமான பொறுப்பில் இருந்தவர் லேப்டாப்பைக் கொஞ்ச மாதம் தொடாமல் எடுத்து வையுங்கள். விடைபெறும்போது உட்கார்ந்து பேசி, அவர் கையெழுத்துப் போட்ட ரகசிய வரியை நினைவுபடுத்தி, ஒரு நகலையும் கொடுத்து அனுப்ப வேண்டும். மிரட்டல் தொனி வேண்டாம், நல்லபடியாக அனுப்பப்பட்டவர்தான் பெரும்பாலும் நல்லபடியாக நடந்துகொள்வார்.

அறிக்கை எழுதுவது

கண்டுபிடித்ததையெல்லாம் ஒரே எடையில் கொட்டாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி: வெளியே போனால் எவ்வளவு அடி, இன்றைக்கு எவ்வளவு சுலபமாகப் போகும். இரண்டிலும் மேலே வருவதை முதலில் வையுங்கள். சாயப்பட்டறையில் பெரும்பாலும் வாட்ஸ்ஆப் குரூப், பொது லாகின், மாஸ்டரின் டைரி மூன்றும்தான் மேலே வரும். கண்காணிப்பு கேமரா வாங்குவது முதலாளியின் ஆசைப் பட்டியலில் முதலில் இருக்கும், உங்கள் அறிக்கையில் அதைக் கீழே வைக்கத் தயங்காதீர்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெயர், ஒரு தேதி. குரூப்பைச் சுத்தம் செய்வது அன்றைக்கே முடியும், ஒப்பந்தங்களுக்கு ஒரு மாதம் ஆகும், திருத்தக் குறிப்புகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது பல மாத வேலை. அறிக்கைக்கு இரண்டு பிரதிகள் மட்டும், எண் போட்டு, யாரிடம் இருக்கிறது என்று எழுதி. மெயிலில் சுற்றுக்கு விடாதீர்கள். மூன்று மாதம் கழித்து அதே பாதையில் திரும்ப நடந்து, எது மாறியது எது பழையபடி ஆகிவிட்டது என்று பின்னிணைப்பு எழுதுங்கள்.

தணிக்கையின் நடுவிலேயே ஏற்கெனவே போய்விட்டது என்று தெரிந்தால்

அந்தக் கம்ப்யூட்டரைத் திறந்து நீங்களே நோண்டாதீர்கள், அணைக்கவோ அழிக்கவோ வேண்டாம். என்ன பார்த்தீர்கள், எத்தனை மணிக்கு, கூட யார் இருந்தார்கள் என்று எழுதிவிட்டு முதலாளிக்கும் வக்கீலுக்கும் மட்டும் சொல்லுங்கள். உரிமையாளர் அனுமதியில்லாமல் கம்ப்யூட்டரிலிருந்து தகவலை நகல் எடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-வது பிரிவில் நஷ்டஈட்டுக்கு உரியது, நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால் 66-வது பிரிவில் 3 ஆண்டு வரை சிறையோ, 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. ஆனால் மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் காட்ட, 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-வது பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும், அதில் ஃபைலின் ஹேஷ் மதிப்பையும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற ஒரு எண்) குறிக்க வேண்டும். நீங்கள் ஆர்வத்தில் ஃபைலைத் திறந்து சேமித்துவிட்டால் அந்த மதிப்பே மாறிப்போகும், அப்புறம் "இதை மாற்றியது நீங்கள்தானே" என்று எதிர்த்தரப்பு கேட்கும். டிஜிட்டல் தடயம் எடுக்கத் தெரிந்தவரை வைத்து முதலில் நகல் எடுத்துவிட்டு, தடை உத்தரவுக்குப் போவதா நோட்டீஸ் அனுப்புவதா என்பதை வக்கீலோடு உட்கார்ந்து அந்த வாரத்துக்குள்ளேயே முடிவெடுக்கச் சொல்லுங்கள். தெரிந்த பிறகும் மாதக்கணக்கில் சும்மா இருந்தால், தடை கேட்டுப் போகும்போது நீதிபதி கேட்கப்போகும் முதல் கேள்வியே இத்தனை நாள் ஏன் வரவில்லை என்பதாகத்தான் இருக்கும்.